வேகத்தை விட்டுக்கொடுத்தால் வானில் நாள்கணக்கில் நிற்கலாம்: புதிய வான்கப்பல்களின் எரிபொருள் கணக்கு

கடலில் யாரையாவது தேடும் ஹெலிகொப்டர் ஒரே இடத்தில் நிற்கும்போதும் அதன் எஞ்சின்கள் முழு மூச்சாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓர் அங்குலம்கூட முன்னே நகராவிட்டாலும் எரிபொருள் தீர்ந்துகொண்டே போகும். அத்தனை தொன் எடையையும் விழாமல் பிடித்துவைப்பதே அதன் முதல் வேலை, அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. விமானத்தின் நிலையும் ஏறக்குறைய இதேதான். இறக்கை தூக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும், வேகத்துக்கு எரிபொருள் வேண்டும். மெதுவாகப் போனால் மிச்சம் பிடிக்கலாம் என்று ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்கவும் முடியாது, விழுந்துவிடும்.

வான்கப்பலுக்கு இந்தச் செலவு இல்லை. ஆழமான தண்ணீரில் கைகாலை அடித்துக்கொண்டு மிதப்பவருக்கும் தோணியில் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இது. உள்ளே அடைத்த, காற்றைவிட இலேசான வாயு எடையைத் தாங்கிக்கொள்கிறது. எஞ்சினின் வேலை தள்ளுவது மட்டுமே. நகர வேண்டியதில்லை என்றால், காற்றும் இல்லை என்றால், அதை நிறுத்திவிடவும் செய்யலாம்.

2022இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாடு நம் இலங்கை. அந்த மாதங்களில் இங்கிருந்து புறப்பட்ட விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ஆகவே, எரிபொருளை மிகக் குறைவாகச் செலவழித்து வானில் நிற்கக்கூடிய ஒரு வாகனத்தைப் பற்றிய பேச்சை நாம் ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கடந்துபோகக் கூடாது. ஆனால் அந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது, அதற்கு எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பயணிகள் விமானத்துக்குப் பதிலாக இது வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரே இடத்தைச் சுற்றி நெடுநேரம் நிற்க வேண்டிய வேலைகளில்தான் இதன் பலம் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோ. அதே அளவு ஹீலியத்தின் எடை 0.16 கிலோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூக்கும் சக்தி, அதாவது கனமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஐதரசன் ஹீலியத்தைவிட இன்னும் இலேசானது என்றாலும் அதனால் கிடைக்கும் கூடுதல் தூக்கும் சக்தி 8 சதவீத அளவுதான். பத்துத் தொன்னைத் தூக்க பத்தாயிரம் கனமீற்றர் வேண்டும், அதிலும் உறை, எஞ்சின், சட்டகம் எல்லாவற்றின் எடையும் முதலில் கழியும். வான்கப்பல்கள் ஏன் பூதாகரமாக இருக்கின்றன என்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், ஆனால் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். காற்று உரசுவது மேற்பரப்பில். தூக்குவது கொள்ளளவு. எனவே பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு தொன்னுக்கும் ஆகும் எரிபொருள் குறைந்துகொண்டே போகும். சின்ன வான்கப்பல் செய்து பார்த்துவிட்டு "இது சரிவராது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை, ஏனென்றால் இதன் ஆதாயமே பெரிய அளவில்தான் தெரியவரும்.

சரி, வேகம்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதை எதிர்த்துத் தள்ளத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வான்கப்பலை 80இல் போகச் சொன்னால் எட்டு மடங்கு வலு வேண்டும். பயணம் பாதி நேரத்தில் முடிந்தாலும் அதே தூரத்துக்கு நான்கு மடங்கு எரிபொருள் போகும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் விசயம் விளங்கும்: வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு வலு போதும். விமானத்தால் ஒருபோதும் செய்ய முடியாத பேரம் இது. வான்கப்பலின் முதுகில் பரந்து கிடக்கும் இடத்தில் சூரியக் கலங்களை ஒட்டி அதன் மின்சாரத்திலேயே ஓட்டலாம் என்ற யோசனைக்கும் இந்தக் கணக்கே ஆதாரம்.

எதிர்க்காற்று வந்தால் இதே கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வான்கப்பலுக்குக் காற்றில்லாத நாளில் நான்கே கால் மணி நேரம் போதும். மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்று அடித்தால் ஏழரை மணி நேரம். எஞ்சின் அதே வலுவில்தான் ஓடுகிறது, எரிபொருள் மட்டும் முக்கால் மடங்கு கூடிவிடுகிறது. பெரிய விமானத்துக்கு 30 கிலோமீற்றர் காற்று பொருட்டே இல்லை. வான்கப்பலுக்கோ அதுதான் அன்றைய நாளைத் தீர்மானிக்கும்.

இன்று பறந்துகொண்டிருப்பவற்றில் நன்றாகப் பழகிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியின் பிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் கட்டப்படும் செப்பலின் என்ரி 1997இல் முதன்முதலில் பறந்தது. நீளம் 75 மீற்றர். தலா 200 குதிரைவலு கொண்ட மூன்று எஞ்சின்கள், ஆக மொத்தம் 600. பயணிகள் 14 பேர்வரை. நமது விமானப்படை வைத்திருக்கும் பெல் 212 ஹெலிகொப்டரும் 14 பேர்வரை ஏற்றும். அதன் இரட்டை எஞ்சினின் வலு 1,800 குதிரைவலு. ஹெலிகொப்டர் நிச்சயமாக வேகமானது, எங்கும் இறங்கக்கூடியது. ஆனால் வானில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. செப்பலினோ ஏறத்தாழ ஒரு நாள் நிற்கும்.

அதில் ஆட்கள் ஏறி இறங்கும் விதத்தைக் கவனித்தால் இந்த வாகனத்தின் சுபாவம் தெரியும். எல்லாரையும் இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை ஏற்றுவதில்லை. முதலில் இருவர் இறங்குவார்கள், உடனே இருவர் ஏறுவார்கள், பிறகு அடுத்த இருவர். 14 பேரும் ஒன்றாக இறங்கினால் ஒரு தொன் எடை திடீரென்று குறைந்து, கப்பல் மேலே கிளம்பப் பார்க்கும். இதே பிரச்சினையைச் சரக்குக்குப் போட்டுப் பாருங்கள். 60 தொன் இயந்திரத்தை ஒரு மலையில் இறக்கிவைத்த கணமே 60 தொன் தூக்கும் சக்தி கட்டுக்கடங்காமல் மிஞ்சும். ஈடாகத் தண்ணீரை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் விலையுயர்ந்த ஹீலியத்தை வெளியே விட வேண்டும். சரக்கு வான்கப்பல் திட்டங்கள் பல காகிதத்திலேயே தங்கிவிட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். ஜேர்மனியில் கார்கோலிஃப்ரர் என்ற நிறுவனம் 160 தொன் தூக்கும் கப்பலுக்காக 360 மீற்றர் நீளமும் 107 மீற்றர் உயரமும் கொண்ட கொட்டகையைக் கட்டி முடித்தது. கப்பலைக் கட்டுமுன் 2002இல் நிறுவனம் முறிந்துபோனது. அந்தக் கொட்டகை இப்போது செயற்கைக் கடற்கரை கொண்ட உல்லாச விடுதி.

வான்கப்பல் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஹின்டன்பேர்க். 1937 மே 6ஆம் திகதி அமெரிக்காவின் லேக்ஹேர்ஸ்டில் இறங்கும்போது தீப்பிடித்து, அதில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்கள். எரிந்தது ஐதரசன். இன்றைய கப்பல்களில் இருப்பது எரியாத ஹீலியம், அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஆனால் ஹீலியம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்பவர்களுக்கு அக்ரன் என்ற பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அந்தக் கப்பலில் இருந்ததும் ஹீலியம்தான். 1933 ஏப்ரல் 4ஆம் திகதி புயலில் சிக்கி அத்திலாந்திக்கில் விழுந்தது. இறந்தவர்கள் 73 பேர், ஹின்டன்பேர்க்கில் இறந்ததைப் போல இரண்டு மடங்கு. தீயைவிட வானிலைதான் இந்த வாகனத்தின் பெரிய எதிரி. இடிமின்னல் மழைக்குப் பழகிய நாட்டில் இருக்கும் நாம் அதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

அதே அமெரிக்கக் கடற்படைதான் இதன் பலத்தையும் காட்டியது. 1957 மார்ச்சில் 'ஸ்னோ பேர்ட்' என்று பெயரிட்ட வான்கப்பல் ஒன்று அத்திலாந்திக்கைக் கடந்து ஆபிரிக்கக் கரைவரை போய்த் திரும்பியது. 264 மணி நேரம், அதாவது பதினொரு நாள், எங்கும் இறங்காமலும் இடையில் எரிபொருள் நிரப்பாமலும் 15,205 கிலோமீற்றர். சாதாரண பெற்றோல் எஞ்சின், றப்பர் பூசிய துணி உறை, அந்தக் காலத்து றேடார். அதை வைத்தே இது முடிந்தது என்றால், காபன் இழையும் இலேசான பற்றரியும் மணிக்கு மணி வானிலை சொல்லும் செய்மதிகளும் இருக்கும் இன்று என்ன செய்யலாம் என்ற கேள்வி நியாயமானதுதான்.

அந்தக் கேள்விக்குப் பணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான சேர்ஜி பிரின்னின் ஆதரவில் கலிபோர்னியாவில் கட்டப்பட்ட பாத்ஃபைண்டர் 1 நீளத்தில் 124.5 மீற்றர். காபன் இழைக் குழாய்களும் ரைற்றேனியமும் சேர்ந்த சட்டகம், 13 ஹீலியப் பைகள், 12 மின்மோட்டார்கள். மின்சாரம் இப்போதைக்கு டீசல் ஜெனரேற்றரிலிருந்தும் பற்றரியிலிருந்தும் வருகிறது. பிரித்தானியாவின் எயார்லாண்டர் 10 வேறு வழி. ஹீலியம் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாங்க, மீதியை உடலின் வளைந்த வடிவம் இறக்கையைப் போல் தாங்குகிறது. காற்றைவிடச் சற்றுக் கனமாக இருப்பதால் தரையில் நிற்கும், சரக்கை இறக்கியதும் எகிறாது. விமானங்களோடு ஒப்பிட்டால் புகை வெளியேற்றம் 75 சதவீதம்வரை குறையும் என்கிறது நிறுவனம். ஆனால் 2016 ஓகஸ்டில் இரண்டாவது பறப்பிலேயே மூக்கு தரையில் இடித்துச் சேதமானது, 2017 நவம்பரில் கட்டிவைத்த கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய், வாயு இறங்கிக் கிடந்தது. மரம் ஏற்றவும் பாதையில்லாத இடங்களுக்குப் பாரம் கொண்டுபோகவும் 60 தொன் கப்பலைப் பிரான்ஸில் திட்டமிட்டிருக்கிறார்கள், அது இன்னும் பறக்கவில்லை.

கட்டிவைப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தரையில் இருக்கும்போதும் வான்கப்பலை அசையாமல் கட்ட முடியாது. மூக்கை மட்டும் கம்பத்தில் மாட்டி, காற்று திரும்பும் பக்கமெல்லாம் உடல் சுற்ற விட வேண்டும். பாத்ஃபைண்டர் அளவுள்ள ஒன்றுக்கு அந்த வட்டத்துக்கே 12 ஏக்கருக்கு மேல் வேண்டும், மரமோ கம்பியோ இல்லாத வெளி. இரத்மலானை விமான நிலையத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கொழும்பில் இதற்கு இடம் இல்லை. கட்டுநாயக்காவுக்கு வடக்கே, புத்தளம் பக்கம் போனால்தான் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு நமக்கு இதனால் என்ன என்று கேட்டால், என் பதில் கடல். இலங்கையின் பிரத்தியேகப் பொருளாதார வலயம், அதாவது மீன் முதலிய வளங்களுக்கு நமக்கே உரிமையுள்ள கடல், ஏறத்தாழ 517,000 சதுர கிலோமீற்றர், நிலப்பரப்பைப் போல எட்டு மடங்கு. அதைக் கண்காணிக்க நம்மிடம் இருப்பது ஒருசில விமானங்கள்தான், அவற்றில் சில பிற நாடுகள் தந்தவை. 2022 ஓகஸ்டில் இந்தியா கொடுத்த டோர்னியர் விமானம் அப்படி வந்தது. ஒரு விமானம் போகும், பார்க்கும், சில மணி நேரத்தில் திரும்பும். அதற்கும் அடுத்த பறப்புக்கும் இடையில் கடலை யாரும் பார்ப்பதில்லை. 1,000 மீற்றர் உயரத்தில் நிற்கும் வான்கப்பலுக்கு 113 கிலோமீற்றர் தூரத்துத் தொடுவானம்வரை தெரியும், அது இரவிலும் அங்கேயே நிற்கும்.

2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். நைத்திரிக் அமிலம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள், கரையெங்கும் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகள். நீர்கொழும்பு மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நின்றார்கள். மணிகள் எந்தப் பக்கம் போகின்றன, எண்ணெய்ப் படலம் தெரிகிறதா, எந்தக் கொள்கலன் மிதக்கிறது என்று இரவு பகலாக மேலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு கண் இருந்திருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும். ஆனால் மறைக்கக் கூடாத ஒன்று: அது தென்மேற்குப் பருவக்காற்று எழும் நேரம். தீயை ஊதிப் பெருக்கியதும் அந்தக் காற்றுதான். முதல் சில நாட்களில் வான்கப்பல் கம்பத்தை விட்டுக் கிளம்பியிருக்கவே முடியாது. காற்றுத் தணிந்த பிறகு, கிழமைக்கணக்காக நீண்ட கண்காணிப்பில்தான் அது கைகொடுத்திருக்கும்.

மலையகத்துக்கும் இதே அளவுகோல்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்து, கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் பாதைகளை மண்ணுக்குள் புதைத்தபோது, தோட்ட லயன் வீடுகளில் சிக்கியவர்களுக்குச் சோறும் மருந்தும் கொண்டுபோக ஹெலிகொப்டர்களையே நம்பியிருந்தோம். அங்கே வான்கப்பலைச் சரக்கு ஏற்ற அனுப்பலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அந்த உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், தூக்கும் சக்தியும் அவ்வளவு குறையும். மேலே போகப் போக விரியும் ஹீலியத்துக்கு இடம் விடுவதற்காகக் கீழே புறப்படும்போதே உறையை நிரப்பாமல், உள்ளே காற்றுப் பைகளை ஊதி வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்குகளில் சுழலும் காற்று வேறு. அங்கே ஹெலிகொப்டருக்கு ஈடில்லை. அறுந்துபோன தொலைபேசித் தொடர்பை மேலிருந்து மீட்டுக் கொடுப்பது மட்டும் வான்கப்பலால் முடிந்த வேலை, அதற்குப் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டியதும் இல்லை.

தொலைத்தொடர்பு என்றால் இன்னும் மேலே போக வேண்டும். ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயரத்தில், பயணிகள் விமானங்களுக்கும் மேலே, காற்று ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும் ஓர் அடுக்கு உண்டு. தீவின் நடுவே அந்த உயரத்தில் நின்றால் நாடு முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பதினான்கில் ஒரு பங்கு, அதே எடையைத் தூக்க பதினான்கு மடங்கு கொள்ளளவு வேண்டும். எரிபொருள் கொண்டுபோகவும் முடியாது. பகலில் சூரிய ஒளியில் ஓடி, இரவுக்குப் பற்றரியில் சேர்த்துவைக்க வேண்டும். நம் அமைவிடம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும்போது, பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கும் கொழும்பில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். வெயிலும் செங்குத்தாக விழும். அமெரிக்காவின் சை என்ற நிறுவனம் 2024இல் ஒரு முழு இரவையும் இப்படிச் சூரிய சக்தியில் கடந்ததாக அறிவித்தது. இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2025 மே 3ஆம் திகதி மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒன்றை 17 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பி 62 நிமிடம் பறக்கவிட்டது. நாள்கணக்கில் நிற்க இன்னும் தூரம் இருக்கிறது.

இந்த உயரத்தின் ஆசை நமக்குப் புதிதல்ல. 2015 ஜூலையில் கூகுளின் லூன் திட்டத்தோடு அரசு ஒப்பந்தம் செய்தது, நாடு முழுவதும் பலூன் வழியாக இணையம் வரும் என்றார்கள். 2016 பெப்ரவரியில் முதல் சோதனைப் பலூன் வந்தது. சில நாட்களில் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அதன் உறையையும் கருவிகளையும் ஊர் மக்கள் கண்டெடுத்தார்கள், திட்டமிட்டு இறக்கியதுதான் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். கடைசியில் தடுத்தது பலூன் இல்லை, அலைவரிசை ஒதுக்கீடு. வானிலிருந்து பரப்பும் அலை எல்லை தாண்டி அயல்நாட்டின் அலைவரிசையில் மோதும், அதற்குச் சர்வதேச விதிகள் இடம் தரவில்லை. 2021 ஜனவரியில் லூன் மூடப்பட்டது. லூன் பலூன்களுக்கு எஞ்சின் கிடையாது, காற்றின் போக்கில் போய்க்கொண்டிருந்தவை. எஞ்சின் உள்ள வான்கப்பல் ஓரிடத்தில் நிற்கும் என்றாலும் அலைவரிசைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. தொழில்நுட்பம் தயாராகும்வரை காத்திருக்காமல் இந்தியாவோடு அதைப் பேசித் தீர்க்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.

ஹீலியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1868 ஓகஸ்ட் 18ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் நின்று பிரெஞ்சு வானியலாளர் பியர் ஜான்சன் அவதானித்ததோடு இந்த வாயுவின் வரலாறு பின்னியிருக்கிறது, நம் பக்கத்துக் கதை என்பதால் சொல்லத் தோன்றுகிறது. பூமியில் இது இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து கிடைப்பது, பெருமளவில் பிரித்தெடுக்கும் நாடுகள் அமெரிக்கா, கட்டார், அல்ஜீரியா, ரஷ்யா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2017 ஜூனில் அயல்நாடுகள் கட்டாரை முடக்கியபோது அங்குள்ள ஹீலிய ஆலைகள் நின்றுபோய் உலகமே தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசியது. வைத்தியசாலைகளின் எம்ஆர்ஐ இயந்திரங்களைக் குளிரவைப்பதும் இதே வாயுதான். வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள், எவ்வளவு நல்ல உறையாக இருந்தாலும் மெல்ல மெல்லக் கசியும். டீசலில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதி இங்கே போய்விடும் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

கொள்கலன் கப்பலோடு இது போட்டி போடாது. ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோகக் கடல்வழியைவிடச் சிக்கனமான வழி உலகில் இல்லை, கொழும்புத் துறைமுகத்துக்கு வானிலிருந்து ஆபத்து வரப்போவதில்லை. நம் மேசைக்கு வர வேண்டிய திட்டம் மிகச் சிறியது: மேற்குக் கரையில் ஒரு கம்பம், ஒரு நடுத்தரக் கப்பல், கடற்படையும் மீன்பிடித் திணைக்களமும் கடல்சூழல் அதிகாரசபையும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கமராவும் றேடாரும். அதற்கு முன் தெரிய வேண்டியது ஒரே விபரம்தான். கற்பிட்டி, புத்தளம் பக்கம் தரையிலும் 1,000 மீற்றர் உயரத்திலும் காற்று மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் கீழே இருக்கும் நேரம் ஆண்டில் எத்தனை மணி, எந்தெந்த மாதங்களில்? அதே காற்றை நம்பித்தான் அந்தக் கரையில் காற்றாலைகளை நட்டிருக்கிறோம், ஆகவே விடை அவ்வளவு சாதகமாக இராது என்று எதிர்பார்க்கலாம். பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தால், வான்கப்பல் வாங்குவதா, அல்லது கயிற்றில் கட்டிய பலூன் போதுமா, அல்லது விமானத்துக்கே எரிபொருள் ஊற்றுவதா என்பதை ஊகம் இல்லாமல் முடிவு செய்யலாம்.